நான் படிக்காமல் விட்ட பதினாறாவது வரி

போன வருடம் புரட்டாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில், எங்கள் வீட்டு வாசலில் நான்கு பேர் இருந்தோம். நான், என் அக்கா, அக்காவின் கணவரான என் மாமா, மாமாவின் நண்பர் ஒருவர். அப்பாவும் அம்மாவும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் வீட்டில் இல்லை. மாமா வழக்கமாக வண்டியை வேலைக்கு விடும் மெக்கானிக்கும் இல்லை. அவர் ஊரில்தான் இருந்தார். நாங்கள்தான் அவரைக் கூப்பிடவில்லை.

மாமா மாமல்லபுரத்தில் ஓட்டல் விருந்தாளிகளுக்கு வண்டி ஓட்டுகிறவர். பழைய ஏழு சீட்டு வண்டி ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்கிறார். அக்கா வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பிரசவம் ஐப்பசிக் கடைசியில் என்று சொல்லியிருந்தார்கள். அதுதான் எங்கள் ஊர் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும் காலம். அதற்கு முந்தைய வருடம் மூன்று நாள் ஒரு வண்டியும் பாலத்தைத் தாண்டவில்லை. வலி எடுத்தால் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போக வேறு வழி கிடையாது. அதனால் வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்துவது என்று மாமா முடிவு செய்தார். அதற்கென்றே ஒரு லிஃப்ட் கிட் விற்கிறார்கள். செங்கல்பட்டில் ஜிஎஸ்டி சாலையில் ஒரு கடையில் வாங்கி வந்தார்.

மெக்கானிக் கேட்ட கூலி எங்களுக்கு அதிகமாகப் பட்டது. மாமாவின் நண்பர் புதுப்பட்டினத்தில் படகு எஞ்சின் வேலை பார்க்கிறவர். "கடல்ல நின்னுகினு எஞ்சின் இறக்கி ஏத்துறவன் நானு. இது தரையில நிக்கிற வண்டி, இன்னா பெரிய கஷ்டம்?" என்றார். மாமா என்னைக் காட்டி, "பொஸ்தகத்த மச்சான் படிச்சிடுவான். நாம பூட்டிடலாம்" என்றார். அப்படித்தான் வேலை பிரிந்தது.

எங்கள் வீட்டில் கல்லூரிவரை போன முதல் ஆள் நான். பி.காம். ஊரப்பாக்கத்தில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும், அதில் ஆங்கிலம் இருந்தால், அது என் கைக்கு வரும். ஆறாவது படிக்கும்போதே அப்படி. மருந்துச் சீட்டு, கரண்ட் பில், வங்கிக் கடிதம். நான் படித்துச் சொல்வேன், எல்லோரும் தலையாட்டுவார்கள். எனக்குப் புரியாத இடங்கள் நிறைய இருக்கும். புரியாததை விட்டுவிட்டுப் புரிந்ததை மட்டும் சொல்லும் பழக்கம் எப்போது வந்தது என்று எனக்கே நினைவில்லை.

கிட்டோடு வந்த தாளில் மொத்தம் இருபத்திரண்டு எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஒன்றிரண்டு வரிகள், சிலவற்றுக்கு மங்கலான படம். நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொன்னேன். முன்பக்கம் ஸ்பிரிங்கைப் பிரிக்க வேண்டியதில்லை. மேலே இருக்கும் மூன்று நட்டைக் கழற்றி, கனமான அலுமினிய வட்டு ஒன்றை இடையில் வைத்து மறுபடி முடுக்க வேண்டும், அவ்வளவுதான். வேலை நன்றாகவே நடந்தது. மாமாவின் நண்பர் ஒவ்வொரு நட்டைக் கழற்றும்போதும் அதனிடம் பேசினார். வராத நட்டை, "இன்னாம்மா, பொறந்த வூட்ட உட்டு வர மாட்டியா?" என்றார். அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பதினாறாவது எண்ணுக்கு வந்தேன். இரண்டு வரி. அதில் மூன்று சொற்கள் எனக்குத் தெரியாது. பிரேக் என்ற சொல் மட்டும் தெரிந்தது. படம் இல்லை. போனில் பார்த்திருக்கலாம். ஆனால் வண்டிக்கு அடியிலிருந்து, "அடுத்து இன்னா மச்சான்?" என்று குரல் வந்தது. நான் பதினேழாவதைப் படித்தேன்.

"பதினாறு எங்கடா?" என்றாள் அக்கா.

அவள் ஐந்தாவதோடு நின்றவள். ஆங்கிலம் தெரியாது. ஆனால் எண் தெரியும். நான் படிக்கும்போது என் விரல் எண் எண்ணாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"அது வேற மாடல் வண்டிக்கு" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய்யில்லை. வாயில் தயாராக இருந்தது போல வந்தது. அவள் சரி என்று தலையாட்டினாள்.

வேலை முடிந்தபோது பெட்டியில் எல் வடிவத்தில் இரண்டு சிறிய இரும்புத் தகடுகளும் நான்கு போல்ட்டுகளும் மிச்சம் இருந்தன. "கம்பெனிக்காரன் இனாமா குத்துட்டான் போல" என்றார் நண்பர். "வேற மாடலுக்குன்னு சொன்னான் இல்ல, அதுவா இருக்கும்" என்றார் மாமா. நான் தாளை மடித்துப் பெட்டியில் போட்டேன். வண்டி கம்பீரமாக நின்றது. அக்காவை ஏற்றிப் பார்த்தோம். கால் எட்டவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருந்தது. அதற்கும் சிரித்தோம்.

ஒரு வாரம் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஞாயிறு மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறைகள் இருக்கும் தெருவில் போய்க்கொண்டிருந்தோம். மாமா ஓட்டினார், நான் பக்கத்தில். எதிரே பஸ் வந்தது. வழி விடுவதற்காக மாமா ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுசாக ஒடித்தார். வடிகாலுக்காகச் சாலையோரத்தில் தோண்டியிருந்த பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கி ஏறியது. அடியில் 'டப்'பென்று சின்னச் சத்தம். அவ்வளவுதான். மாமா பிரேக்கை மிதித்தார். பெடல் கீழே போய் ஒட்டிக்கொண்டது.

வண்டி வேகமாகப் போகவில்லை. நடக்கிற வேகம்தான். ஆனால் அங்கே சாலை பட்டறைப் பக்கமாகச் சற்றுச் சரிவு. மாமா ஹாண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டே ஹாரனை அழுத்தினார். பட்டறை முற்றத்தில் ஒரு கல் நந்தியின் முன் குந்தியிருந்து ஒருவர் மிஷின் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்த்தார், மிஷினைப் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் உருண்டார். வண்டி நந்தியின் தலையில் முட்டி நின்றது. கீழே கிடந்த மிஷின் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் உட்கார்ந்திருந்த சாக்கு எங்கள் சக்கரத்துக்கு அடியில் இருந்தது.

அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். நந்தியின் வலது கொம்பு போய்விட்டது.

பட்டறைக்காரர் வெளியே வந்தார். முதலில் தன் ஆளைப் பார்த்தார், கையைக் காலை மடக்கி நீட்டச் சொன்னார். பிறகு கொம்பை எடுத்து, இருந்த இடத்தில் வைத்துப் பார்த்தார். பொருந்தியது. மாமா தயங்கித் தயங்கி, "ஒட்டிட முடியாதாண்ணா?" என்று கேட்டார்.

"ஒட்டிடலாம். நீ கிட்ட வந்து பார்த்தாக்கூட தெரியாது" என்றார் அவர். "ஆனா இது கோயிலுக்குச் சொன்ன நந்தி. பின்னமாயிடுச்சு. தெரிஞ்சே ஒட்டிக் குத்துட்டு நான் எப்படிக் காசு வாங்குவேன்?"

எங்களிடம் சத்தம் போடவில்லை. விலையைச் சொன்னார், நாற்பத்திரண்டாயிரம். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பணம் கொடுத்துவிட்டு நந்தியை எடுத்துப் போகலாம் என்றார். எங்களிடம் எடுத்துப் போக வண்டி இல்லை.

வண்டியை இழுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனோம். முன் சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் குழாய், பிரேக் ஓஸ், பிய்ந்திருந்தது. வண்டி உயர்ந்ததில் ஓஸ் நீளம் பத்தாமல் விறைப்பாக நின்றிருக்கிறது, சக்கரம் முழுசாகத் திரும்பிப் பள்ளத்தில் தொங்கியபோது அறுந்துவிட்டது என்றார். "எவன்யா இந்தக் கிட்ட வித்தான்? அவனப் புடிங்க" என்றார்.

மாமாவுக்கும் அவர் நண்பருக்கும் அதுவே போதுமாக இருந்தது. கிட் கோளாறு, கடைக்காரன் பணம் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். அந்தக் கடையில் கிட்டை எடுத்துக் கொடுத்தவர் முதலாளி அல்ல, மாதச் சம்பளத்துக்கு நிற்பவர். எங்கள் வண்டியைப் பார்த்து, இதற்கு இதுதான் சரி என்று தேர்ந்தெடுத்தவர் அவர்தான். "அவன் வேலைய காலி பண்ணாம உட மாட்டேன்" என்றார் மாமாவின் நண்பர். மாமா அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை. அவரும் என்னிடம், "மச்சான், கம்பெனிக்கு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் போடு. நல்லா உறைக்கிற மாதிரி எழுது" என்றார்.

எழுத உட்கார்ந்தேன். வண்டி மாடல், வாங்கிய தேதி, நடந்தது எல்லாம் எழுதினேன். எதைத் தவறு என்று சொல்வது என்ற இடம் வந்ததும் அந்தத் தாளை எடுத்தேன். தெரியாத மூன்று சொற்களையும் போனில் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. 'கொடுத்துள்ள தகடுகளைக் கொண்டு பிரேக் ஓஸ் பிடிப்பைக் கீழே இறக்கிப் பொருத்தவும். சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாக ஒடித்து, ஓஸ் விறைக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளவும்.' இதுதான் பதினாறு.

மறுநாள் அந்தக் கடைக்குக் கிளம்பினோம். மாமாவின் பைக்கில் நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கடிதம் என் சட்டைப் பையில். செங்கல்பட்டு ஏரிக்கரை வந்ததும் நிறுத்தச் சொன்னேன். ஒன்றுக்குப் போகப் போகிறேன் என்று நினைத்திருப்பார். தாளைக் காட்டி, அந்த வரியைத் தமிழில் சொன்னேன். வேற மாடல் என்று சொன்னது பொய் என்றும் சொன்னேன்.

மாமா தாளை வாங்கி அந்த எண்ணைப் பார்த்தார். "தெரியலன்னு சொல்லியிருந்தா, பக்கத்துல யாரையாச்சும் கேட்டிருப்போமேடா" என்றார். அவர் என்னை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. பைக்கைத் திருப்பினார். தெருமுனையில் இறக்கிவிட்டு, "உங்க அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. எழுந்து போய், பீரோவிலிருந்து நகைக்கடைப் பை ஒன்றை எடுத்து வந்தாள். அதில்தான் எங்கள் வீட்டுக் காகிதங்கள் எல்லாம் இருக்கும். பாயில் கொட்டினாள். முதலில் தன் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இதுல எத உட்ட?" என்றாள்.

நான் அந்த ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, 'எல்லாம் நார்மல்' என்று சொல்லியிருந்தேன். இப்போது மறுபடி பார்த்தேன். நடுவில் ஒரு வரி. அது எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. "இது எனக்குத் தெரியலக்கா" என்றேன். போனை எடுத்தேன். "போன வெய்யி" என்றாள். "நர்ஸம்மாவ கேட்டுக்கறேன்."

அன்று சாயங்காலத்திலிருந்து மறுநாள் காலை எங்கள் ஊர்ச் சுகாதார நர்ஸ் வீட்டுக்கு வரும்வரை அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தாள். நானும் அதற்குள் போனில் தேடிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவளிடம் போய்ச் சொல்ல எனக்கு வாயில்லை. நர்ஸ் வந்து அந்த வரியைப் பார்த்துச் சிரித்தார். "கொழந்த தல கீழ திரும்பிடுச்சும்மா. நல்ல விஷயம். இதையா கேக்குற?" என்றார். அந்தக் காகிதத்திலேயே நல்ல செய்தி அதுதான். அதைத்தான் நான் விட்டிருக்கிறேன்.

அக்கா அழுதாள். பிறகு மற்றக் காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். வண்டி இன்ஷூரன்ஸ், வங்கிக் கடன், அப்பாவின் கண் ஆபரேஷன் சீட்டு. படித்தேன். தெரியாத இடங்களில் தெரியவில்லை என்று சொன்னேன். முதல் நாலைந்து தடவை கஷ்டமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. அவள் பென்சிலால் அந்த இடங்களில் ஒரு புள்ளி வைத்தாள்.

மெக்கானிக் அந்த எல் தகடுகளை மாட்ட அரை மணி நேரம்தான் ஆனது. ஐப்பசி மழையில் தரைப்பாலத்தில் முழங்காலளவு தண்ணீர் ஓடிய ஒரு பகலில், மாமா அந்த வண்டியில்தான் அக்காவைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார். பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தை அக்கா என்னிடம் நீட்டினாள். நீட்டுவாள் என்று நான் நினைத்திருக்கவில்லை.

'தெரியாது' என்ற ஒரு சொல்லை அன்று நான் சொல்லாமல் விட்டதற்கு எங்கள் வீட்டுக்கு ஆன செலவு: பிரேக் ஓஸ் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது, ஆயிலும் கூலியும் தொள்ளாயிரம், வண்டியை இழுத்து வந்ததற்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, நந்தி நாற்பத்திரண்டாயிரம், ஆக மொத்தம் நாற்பத்தேழாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய்.