கீழ்வீட்டு அக்கோடியன்

அந்தா, தொடங்கிட்டார், கேக்குதே பிள்ளை? கீழ்வீட்டு அமெரிக்கன்ர அக்கோடியன் பெட்டிதான். லூசியானாவில பிரெஞ்சு பேசுற கேஜன் சனமாம், சதுப்பில நண்டு பிடிச்ச குடும்பம். பிரெஞ்சு கலந்து ராக் பாட்டுப் பாடி ஊரூராத் திரிஞ்சவர், ஜெர்மனிக்குப் பாட வந்த இடத்தில ஒருத்தியைக் கட்டி நிண்டிட்டார். பாட்டுக்கு ஆக்கள் குறைய, பஸ் ஓட்டினவராம்.

எனக்கெண்டால் எங்கட ஊர் பாசையூரில கருவாடு காயிற மணமே வருது. என்ர சித்தப்பாவும் கலியாணவீடுகளில அக்கோடியன் வாசிச்சவர். ஐயாவுக்குப் பிடிக்காது, கிணத்தடிக்குக் கலைச்சுவிடுவார். ஆனால் கிழிஞ்ச வலை பொத்தேக்க அவற்ற ஊசி அந்தத் தாளத்துக்குத்தான் போகும்! அயலார் வந்து, "உம்மட தம்பியின்ர சத்தம் தாங்கேலாது" எண்டால், "என்ன சத்தம்? எனக்கொண்டும் கேக்கேல்லை" எண்டுவார்.

நேற்று இந்தக் கட்டடத்தைப் பாக்கிற ஹவுஸ்மைஸ்டர் வந்தவர். ஆரோ முறைப்பாடாம். நாங்களும் சத்தமெண்டு சொன்னால் கிழவர் வாசிக்கிறதை நிப்பாட்டிப் போடுவினமாம். அவர் ஜெர்மனில சொன்னதை மகள்தான் விளங்கப்படுத்தினவள். கீழ அவர் இழுத்து இழுத்து வாசிக்கிறார், நான் "எனக்கொண்டும் கேக்கேல்லை" எண்டன். மகள் சிரிப்பை அடக்க ஏலாமல் குசினிக்குள்ள ஓடிட்டாள்.

பக்கத்து வீடெண்டு இண்டைக்கு உம்மட்டையும் கேட்க ஹவுஸ்மைஸ்டர் வருவாராம். உமக்கும் கேக்கேல்லைத்தானே? பொறும், புட்டுப்பானையில தண்ணி வத்திப்போச்சு போல, எரிஞ்சு மணக்குது. நான் போறன்.