பெரியப்பா பார்த்த பாரமீசியம்

மடித்து வைத்த காகிதம் எதையும் எங்கள் பெரியப்பா நம்பமாட்டார். நான் ஒன்பதாவது படித்தபோது, அப்பாவின் வண்டிப் பெட்டியில் அப்படியொரு காகிதம் அவர் கையில் சிக்கியது. அறிவியல் கண்காட்சிக்காக நான் வரைந்து, அந்தப் பெட்டியில் மறந்து வைத்துவிட்ட பாரமீசியம் அது. ஒரே ஒரு செல்லால் ஆன உயிரி. பாகங்களுக்குப் பெயர் எழுதாமல் எண் மட்டும் போடச் சொல்லியிருந்தார் டீச்சர். பார்க்க வருகிறவர்களுக்கு வாயால்தான் விளக்க வேண்டுமாம்.

கம்பைநல்லூர்ப் பக்கம் இருந்த எங்கள் காடு, பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் பொது. கெட்ட நேரம், அதுவும் பாரமீசியம் மாதிரியே செருப்பு வடிவம். நடுவில் கிணறு. உட்கருவுக்கு நான் போட்ட வட்டம் பெரியப்பாவுக்குக் கிணறாகத் தெரிந்தது. அதை ஒட்டி மடிப்பு மடிப்பாகப் போன சவ்வுகள் வாய்க்கால். தள்ளியிருந்த கோல்கை உறுப்பு, தம்பி அண்ணனுக்கு ஒதுக்கிவிட்ட மேட்டு நிலம். தம்பி ரகசியமாகப் பாகம் பிரிக்கிறான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

மூன்று நாள் காகிதத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். படத்தைப் போனில் பிடித்து, இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தார். அப்பா வண்டியை எடுத்தால் எங்கே போகிறார் என்று என்னிடம் விசாரித்தார். நான்காம் நாள், சாப்பிடும்போது காகிதத்தை அப்பா முன்னால் போட்டார்.

"கெணத்தை நீ வச்சிக்கிட்டு மேட்டுக்காட்டை எனக்குத் தள்றியா? கெணத்துப் பக்கம் மூத்தவனுக்குன்னு நான் கயிறு புடிச்சு அளந்தே வச்சிருக்கறேன்."

அப்பா ஒன்றும் புரியாமல் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. படம் என்னுடையது என்று சொல்லி, விரல் வைத்து விளக்க ஆரம்பித்தேன். உட்கருவின் வெளிச்சவ்வும் இந்த மடிப்புகளும் ஒரே தொடர்ச்சி. கோல்கை ஒட்டாமல் இருந்தாலும், மடிப்புகளிலிருந்து குட்டிக் குமிழ்கள் பிரிந்து போய் அதோடு சேரும். உள்ளே இருக்கிற சரக்கெல்லாம் அப்படித்தான் போகும் என்றேன்.

பெரியப்பாவுக்கு அப்போதும் சந்தேகம். "தொடாம இருக்கறதுக்குமா போவுது?"

"போவும் பெரிப்பா. நிக்காம போயிட்டே இருக்கும்."

"நின்னுட்டா?"

"மொத்த உசுரும் செத்துப் போயிடும்."

அவர் காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்து, நன்றாகப் படிக்கச் சொன்னார். ஒரு குடும்பச் சண்டையையே தீர்த்துவிட்ட பெருமை எனக்கு. அம்மா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றார். அப்பா சோற்றில் கை வைத்தபடி சாப்பிடாமல் இருந்தார். குழம்பில் உப்பு இல்லையோ என்றுதான் நினைத்தேன். பெரியப்பா எப்போது போய்க் கயிறு பிடித்து அளந்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.