நண்பனின் பிளக்ஸுக்கு நான் எழுதிய கவிதை

பிளக்ஸ் கடையில் நானும், ஒரகடம் தொழிற்சாலையில் எங்கள் லைனில் வேலை செய்யும் இன்னும் இரண்டு பேரும் இருந்தோம். கல்யாண மாப்பிள்ளையான எங்கள் நண்பன் மட்டும் ஷிப்டில் மாட்டிக்கொண்டதால் வரவில்லை. வந்திருந்தால் தப்பித்திருப்பான்.

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான், அதுவும் தமிழ் இலக்கியம். ஆகவே வாசகம் என் பொறுப்பு. உரைநடையில் யார், எங்கே, என்ன செய்கிறார் என்று சொல்லியாக வேண்டும். கவிதையில் அந்தத் தொல்லை கிடையாது. நண்பன் மாமனார் ஊரான மணிமங்கலத்துக்குக் குடிபோகப்போகிறான் என்பதால் அவன் படத்துக்குக் கீழே எழுதினேன்: 'எங்கள் நிலவே! நீயில்லா ஒரகடம் இனி இருளே!' 'கல்யாணம்' என்ற சொல் உரைநடை மாதிரி இருந்ததால் வெட்டிவிட்டேன்.

மறுநாள் காலை, பிளக்ஸைப் பார்த்துவிட்டுப் பெண்ணின் சித்தப்பா மாலையோடு வந்து கதவைத் தட்டினார். திறந்தவன் மாப்பிள்ளை.

"இன்னா மாப்ள, நீ கீறியா?"

கண்ணீர் அஞ்சலி மாதிரி இருக்கிறது, அபசகுனம் என்று பெண் வீட்டார் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தார்கள். நண்பன் போனில் கத்தினான்: "டேய் புலவரே, பொண்ணு வூட்ல அழுதுகினு கீறாங்கடா! சாயங்காலத்துக்குள்ள அத்த மாத்து."

மாற்றினோம். 'எங்கள் நண்பருக்கு ஞாயிற்றுக்கிழமை மணிமங்கலத்தில் கல்யாணம் நடக்கிறது. அவர் நலமாக இருக்கிறார். அனைவரும் வாருங்கள்.' எழுவாய், பயனிலை எல்லாம் ஒழுங்காக இருந்தன. கல்யாணமும் நடந்தது.

சித்தப்பா மாலைக் காசை விடவில்லை. இரண்டாவது பிளக்ஸோடு சேர்த்து எங்கள் மூவருக்கும் ஆன செலவு ஆயிரத்து எழுநூறு ரூபாய்.