இரண்டு மணிப் பாட்டுக்குப் போகோனோ மலைக்கு

பிஸ்கட்டவேயில் எங்கள் வீட்டிலிருந்து அந்தப் போகோனோ மலைக் கிராமம் எண்பத்தெட்டு மைல். சாலை காலியாக இருந்தால் ஒன்றே முக்கால் மணி நேரம். டிசம்பரின் இரண்டாவது சனிக்கிழமை அந்தச் சாலை காலியாக இருக்காது என்று என் கணவர் செந்திலிடம் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அங்கே நடக்கும் கிறிஸ்துமஸ் சந்தையில் எங்கள் மகள் யாழினியின் பள்ளிப் பாடகர் குழு மதியம் இரண்டு மணிக்குப் பாடுகிறது. ஒன்பதாம் வகுப்பு. முதல் முறையாக அவளுக்கு நான்கு வரி தனியாகப் பாடக் கொடுத்திருந்தார்கள். காலை எட்டு மணிக்கே பள்ளிப் பேருந்தில் போய்விட்டாள். நாங்களும் எட்டு வயது மகன் கவினும் பத்து மணிக்குக் காரில் கிளம்புவதாகத் திட்டம்.

பத்து மணிக்குச் செந்திலுக்கு டயரில் காற்று குறைவாகத் தெரிந்தது. முதல் பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் மெஷின் ஓடவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் அடித்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பி, பிளாஸ்கில் காபி ஊற்றிக்கொண்டார்.

"ரெண்டு மணிக்குத்தான. போயிரலாம் சுதா. எதுக்கு டென்ஷன் ஆகற?"

கிளம்பும்போது பதினொன்று பத்து.

287-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போய், 80-ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே திரும்பும்வரை பழுதில்லை. டெலவேர் ஆற்றுப் பாலத்துக்கு மூன்று மைல் முன்னால் எல்லாம் நின்றது. இரு பக்கமும் மலை, நடுவே ஆறு. பார்க்க அழகான இடம்தான். அதை நாற்பது நிமிடம் பார்த்தோம்.

ஒன்று முப்பத்தைந்துக்கு மலை மேல் சேர்ந்தோம். ஊருக்குள் கார் விடமாட்டார்கள். இரண்டு மைல் தள்ளி ஒரு சோளக்காட்டில் நிறுத்திவிட்டு அவர்கள் விடும் பஸ்ஸில் போகவேண்டும். நிறுத்த இருபது டாலர், நோட்டாகத்தான் வேண்டும். செந்திலின் பர்ஸில் நான்கு டாலர் இருந்தது.

"ஏ.டி.எம். எங்கே?" என்று வாசலில் நின்ற பெரியவரிடம் கேட்டேன்.

"வந்த வழியிலேயே மூன்று மைல்" என்றார், இரக்கத்தோடு.

போய்வந்து, சேற்றில் நிறுத்தி, பஸ் வரிசையில் நின்றோம். இரண்டு மணி அந்த வரிசையிலேயே அடித்தது. "அக்கா பாட்டு முடிஞ்சிருச்சா?" என்றான் கவின். நான் செந்தில் முகத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்தேன். பனி இல்லை, மழை பெய்து நின்ற மலை.

சந்தைக்குள் நுழையும்போது இரண்டு முப்பத்தைந்து. தேவாலயத்துக்கு முன்னால் மரப்பலகையில் கட்டிய நாற்பது சின்னக் கடைகள். மெழுகுவத்தி, கம்பளித் தொப்பி, வறுத்த கொட்டைகள். மேடை காலியாக இருந்தது. பிள்ளைகள் சிவப்பு மப்ளரோடு தீச்சட்டியைச் சுற்றி நின்றிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் யாழினி வந்தாள்.

நான் முந்திக்கொண்டேன். "சூப்பரா பாடுன கண்ணு. அழுகையே வந்துருச்சு."

செந்தில் திரும்பி என்னைப் பார்த்தார். கவின் வாயைத் திறந்தான். அவன் தோளை அழுத்தினேன்.

யாழினி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "அம்மா, வீ ஹேவன்ட் சங் யெட்" என்றாள். இன்னும் பாடவே இல்லையாம். ஜெனரேட்டர் பழுதாகி, பாட்டு மூன்றரைக்குத் தள்ளிப்போயிருந்தது. அதைச் சொல்லிவிட்டுத் தோழிகளிடம் போய்விட்டாள்.

காலையிலிருந்து டயர், காபி, நோட்டு என்று ஒவ்வொன்றாகச் செந்தில் தலையில் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். இதைக் கட்ட ஆளில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அவரோ போய், ஒன்பது டாலருக்குச் சூடான ஆப்பிள் சாறு வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். அதனால் இன்னும் எரிச்சல் வந்தது.

ஒரு கடைக்கும் போகவில்லை. மேடைக்கு நேர் முன்னால் ஐம்பது நிமிடம் நின்றோம். கால்விரல் மரத்துப்போனது.

மூன்றாவது பாட்டில் அவள் முறை வந்தது. ஒரு அடி முன்னால் வந்து பாடினாள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பாடும்போது கேட்ட குரல் இல்லை இது. திடமாக, யாரையும் சார்ந்திராத குரல். எங்கள் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

நாலேகாலுக்குப் பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றினார்கள். நான் ஓடிப்போய்ப் படிக்கட்டருகே யாழினியைப் பிடித்தேன்.

"லேட்டாயிருச்சு கண்ணு. அதைச் சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு. பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்" என்றாள். ஆசிரியை பெயர்ப் பட்டியலோடு நின்றார். யாழினி ஏறாமல் நின்று, தமிழிலேயே கேட்டாள். "இப்போ எப்படி இருந்துச்சு?"

"மூணாவது வரியில மூச்சு பத்தல. கடைசி வார்த்தை சரியாக் கேக்கல. மத்தது நல்லா இருந்துச்சு."

அவள் முகம் மெல்ல இளகியது. "ஐ நோ. அந்த இடம் எப்பவுமே எனக்கு வராது" என்று சொல்லி ஏறிக்கொண்டாள்.

பேருந்து வளைவில் மறைந்த பிறகு சோளக்காட்டுப் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் அறுபது பேராவது இருந்தார்கள்.

"ஒரு மணி நேரம் ஆகும் போல" என்றார் செந்தில், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"ஆகட்டுங்க" என்றேன்.