மெழுகுக் கோடு

நூல்பிடி மேஸ்திரி மூன்றாம் வகுப்பைத் தாண்டியவர் இல்லை. ஆனால் செயற்கை மார்பிள் பற்றி அவரிடம் வாய் கொடுத்து ஜெயித்துப் போனவரும் இல்லை. பட்டறைக்கு வருகிறவர்கள் முன்னால் மூன்று துண்டுகளைப் போடுவார்.

“இது மார்பிள் தூளை ரெசின்ல குழைச்சு அச்சுல ஊத்துனது. சிங்க்குக்கு ஆகும். மேல்பூச்சு போச்சுன்னா மஞ்சளடிச்சிரும். இது அக்ரிலிக். கீறல் விழுந்தா தேய்ச்சு எடுத்துரலாம், ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. சூடு மட்டும் ஆகாது. இது குவார்ட்ஸ். நூத்துக்குத் தொண்ணூறு கல்லு. சாவியால கீறிப் பாருங்க, சாவிதான் தேயும். இதுதான் ராஜா!”

அந்த ராஜாவைப் பன்னிரண்டு வருஷமாக அறுத்தவன் அவர் மனைவியின் தம்பி. மேஸ்திரி பென்சிலால் கோடு போடுவார், அவன் அதன் மேல் மிஷினை ஓட்டுவான். தண்ணீர் விட்டால் பென்சில் கோடு கரைந்துபோகும் என்பதால் வறட்டு அறுப்புதான். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகிறவன் வெள்ளைவெளேரென்று வெளியே வருவான். “மாவு மில்லுக்கா வேலைக்குப் போறே?” என்று அக்கா சிரிப்பாள்.

ஒருமுறை அவன் கேட்டான்: “மாமா, மெழுகுல கோடு போட்டா தண்ணி விட்டு அறுக்கலாமே?”

“மெழுகுக் கோடு விரல்தண்டி இருக்கும் மாப்ளே. அதுல எந்த ஓரத்துல அறுப்பே? நூல் பிசகாத வேலைன்னு பேரெடுத்தவன் நான்!”

போன வருஷம் அவனுக்கு இருமல் வந்தது. இந்த வருஷம் மூன்று படி ஏறினால் உட்கார வேண்டியதாயிற்று. டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்தார். “என்ன கல்லு அறுக்குறாரு?”

“குவார்ட்ஸுங்க. முதல் தரம்.” பழக்கதோஷத்தில் மேஸ்திரி நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னார்.

“செயற்கைக் கல்லுலயே அதுதாங்க மோசம். அந்தத் தூசி நுரையீரல்ல படிஞ்சா படிஞ்சதுதான், எடுக்க வழியில்ல. இனிமே அந்தப் பக்கமே போகக் கூடாது. போனாலும் போகாட்டாலும்…” டாக்டர் படத்தை உறையில் போட்டார்.

மறுநாள் ஒரு சமையல் மேடைக்கல் அறுத்தாக வேண்டும். மேஸ்திரி பள்ளிக்கூடத்துக்கு எதிர்க்கடையில் மெழுகுப் பென்சில் வாங்கினார். வீட்டில் இருக்கச் சொல்லியும் கேட்காமல் மச்சினன் வந்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

மேஸ்திரி மெழுகுப் பென்சிலைச் சீவி, கோடு போட்டு, குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் கோட்டின் மேல் ஓடியது. கோடு அப்படியே இருந்தது.

“அழியலையே மாமா,” என்றான் அவன். குத்தலாகச் சொல்லவில்லை. பேச மூச்சு அவ்வளவுதான் இருந்தது.

மேஸ்திரி அறுத்து முடித்து இரண்டு துண்டையும் சேர்த்துவைத்தார். இடையில் காகிதம் நுழையாது. மற்ற நாளாக இருந்தால் தெருவையே கூப்பிட்டுக் காட்டியிருப்பார்.

தரையில் சாம்பல் நிறச் சேறு வழிந்து நாற்காலிக் காலடிக்கு வந்தது. ஒரே ஒரு கல்லுக்கு ஒரு வாளி தேறும். மேஸ்திரி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு வருஷத்துச் சேறு எங்கே போனது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.