இரண்டு விரல் குறைந்த ஷாஃப்ட்

"எட்டல!"

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஆம்பூரில் ஒரு மினி லாரிக்கு அடியிலிருந்து வந்த குரல் இது. குரலுக்குச் சொந்தக்காரர் மெக்கானிக் ஜாபர் பாய். வண்டிக்குக் கீழே குழிக்குள் நின்றபடி தலையை மட்டும் வெளியே நீட்டினார். மூக்கிலும் கன்னத்திலும் கிரீஸ்.

"இன்னா பாய் எட்டல?" என்றாள் கௌசி.

"ஷாஃப்ட்டும்மா. ரெண்டு விரல் கம்மி."

கௌசி என் நாத்தனார். ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷனில் பல வருடம் தோல் வெட்டியவள். சமீபத்தில் அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு பழைய மினி லாரியை வாங்கினாள். ஓட்டப்போவதும் அவளேதான். வீட்டில் எல்லோரும் "உனக்கு இன்னா பைத்தியமா?" என்று கேட்டார்கள். நான் மட்டும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குப் பொறாமை!

வந்த வேகத்திலேயே லாரி காலை வாரிவிட்டது. பின் ஆக்ஸில் காலி. காயலான் கடையில் வேறொரு மாடலின் ஆக்ஸில் நல்ல நிலைமையில் கிடைத்தது. பாய் அதை மாட்டியும் விட்டார். ஆனால் வந்த ஆக்ஸிலுக்கு மூக்கு கொஞ்சம் நீளம். கியர் பாக்ஸிலிருந்து ஆக்ஸில் வரைக்கும் நீளமாக ஒரு குழாய் சுற்றிக்கொண்டே இருக்குமே — அதுதான் ஷாஃப்ட் — அதற்கு இடம் போதவில்லை. வெட்டிக் குறைக்க வேண்டும். லேத் பட்டறைக்காரர்களுக்கு இது சாதாரண வேலை.

சனிக்கிழமை அளவெடுத்து, வாணியம்பாடி லேத்தில் வெட்டி, வெல்டிங் வைத்து, ஞாயிறு காலை கொண்டுவந்து மாட்டினால்... எட்டவில்லையாம்!

"இழுத்து மாட்ட முடியாதா பாய்?" — இது நான். வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஹாரன் மட்டும்தான்.

"மாட்டலாம்க்கா. மொத பள்ளத்துலயே கழண்டு ரோட்ல வுழுந்துடும். பரவால்லியா?"

பரவாயில்லை என்று எப்படிச் சொல்வது? மறுநாள் காலை ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனி வாசலில் இந்த வண்டி நிற்க வேண்டும். கௌசியின் முதல் டிரிப். "கேட் திறக்கும்போது வண்டி இல்லன்னா வேற வண்டி கூப்ட்டுக்குவோம்" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். வேறு வண்டிக்கா பஞ்சம்? அந்த ரோடு பூராவும் வேறு வண்டிகள்தான். விட்ட வேலையும் திரும்பக் கிடைக்காது.

சரி, அளவு எங்கே தப்பியது?

பழியைத் தூக்கி லேத்காரர் தலையில் போடலாம் என்று போன் செய்தோம். அவர் அசரவில்லை. "நீங்க குடுத்த வாரு அளவுக்கு மயிரிழை தப்பாம வெட்டிருக்கேன்" என்றார்.

ஆமாம்... வார்! பாயின் டேப்பில் முன்பக்கம் உடைந்து போயிருந்தது. "ஒடைஞ்ச டேப்ப எவ நம்புவா?" என்ற கௌசி, பையிலிருந்து லைனிங் தோலை எடுத்து நீளமாக ஒரு வார் வெட்டினாள். அதை வண்டிக்கு அடியில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பிடித்து, கச்சிதமாக நறுக்கிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் இதையெல்லாம் யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. கொடி கட்டவும் தோல் வார்தான், டிபன் கேரியரைச் சேர்த்துக் கட்டவும் தோல் வார்தான்.

அதோடு விட்டிருக்கலாம். வார் சேற்றில் விழுந்தது. கௌசிதான் சுத்தக்காரி ஆயிற்றே! குழாயடியில் நன்றாக அலசி, லாரி டாஷ்போர்டில் நீட்டிக் காயப்போட்டாள். கண்ணாடி ஏற்றிய வண்டி... வெயிலோ வேலூர் வெயில். நாங்கள் டீ குடித்துவிட்டு வந்தபோது வார் கருவாடு மாதிரி விறைத்துக் கிடந்தது. அதை அப்படியே லேத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

நனைந்த தோலை வெயிலில் போட்டால் என்ன ஆகும்? ஆம்பூரில் பால்வாடிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். சுருங்கும்!

கௌசி ஸ்டெப்னி டயர் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். "அண்ணி... தோலு சுருங்கும்னு எனக்கே தெரியாதா அண்ணி?" அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். பிறகு அழுதாள். அப்புறம் இரண்டையும் சேர்த்துச் செய்தாள். எனக்கு எதில் கலந்துகொள்வது என்று தெரியவில்லை.

தொழில் தெரியாதவர்கள் பயந்து பயந்து மறுபடி மறுபடி அளப்பார்கள். தெரிந்தவர்கள் செய்கிற தப்பு இருக்கிறதே... அதில் ஒரு கம்பீரம் உண்டு. சந்தேகமே இல்லாமல் செய்வார்கள்!

பாயும் சிரித்தார். கொஞ்சம் ஜாஸ்தியாகவே சிரித்தார். கௌசிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "போதும் பாய். நேத்து நான் அளவு எடுக்கும்போது, எடு எடுன்னு சொன்னீங்களே... வண்டி எது மேல நின்னுச்சு?"

சிரிப்பு நின்றது.

ஜாக்கி மேல்! பின் சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. சக்கரம் தொங்கினால் ஒரு அளவு, தரையில் நின்றால் ஒரு அளவு, லோடு ஏறி ஸ்பிரிங் அமுங்கினால் இன்னொரு அளவு. இது பாய்க்குத் தலைகீழ்ப் பாடம். "யா அல்லா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அங்கேயும் கிரீஸ்.

நல்லவேளை, லேத்காரர் வெள்ளிக்கிழமைதான் லீவு விடுவார், ஞாயிறு வேலை உண்டு. "புதுக் கொழா போட்டு சாயங்காலத்துக்குள்ள தர்றேன். அளவு மட்டும் இரும்பு டேப்ல எடுங்கம்மா, புண்ணியமாப் போவும்" என்றார்.

பட்டறைக்குப் பக்கத்திலேயே கல்யாண மண்டபம். வாசலில் பூ அலங்காரம் செய்தவரிடம் டேப் இரவல் கிடைத்தது. தரையில் நிற்கிற அளவை பாய் எடுத்துவிட்டார். ஆனால் லோடு? ஞாயிற்றுக்கிழமை லோடுக்கு எங்கே போவது?

அந்த நேரம் பார்த்து மண்டபத்தில் பந்தி முடிந்தது. பிரியாணி சாப்பிட்ட கூட்டம், வெற்றிலை மென்றபடி மெதுவாக வெளியே வந்தது. பாய் கூட்டத்தைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். மறுபடியும் கூட்டத்தைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது!

"ஏய் கௌசி, இங்க இன்னாடி பண்ற?" கட்டிங் செக்ஷன் தோழி பிலோமினா. பட்டுப்புடவை, தலை நிறைய மல்லி.

"ஏறுடி மேல."

"எதுக்கு?"

"ஏறு, அப்பறம் சொல்றேன்."

ஏறிவிட்டாள்! அவளைப் பார்த்து கல்யாணத்துக்கு வந்த செக்ஷன் மொத்தமும் ஏறியது. மாப்பிள்ளை வீட்டார் சிலர் ஊர்வலம் என்று நினைத்து ஏறினார்கள். மாப்பிள்ளையின் மாமா நல்ல ஆகிருதி. அவரை மட்டும் பாய் கையெடுத்துக் கும்பிட்டு அழைத்தார். "மாமு, நீங்க கரெக்டா ஆக்ஸிலுக்கு மேல நில்லுங்க. உங்கள நம்பித்தான் இருக்கேன்."

பாய் குழிக்குள் இறங்கி டேப்பைப் பிடித்தார். மேலே பட்டும் அத்தரும் ஜரிகையுமாக ஒரு கல்யாணமே அசையாமல் நிற்கிறது. யாரோ ஒருவர் மெதுவாக, "வண்டி எப்ப கெளம்பும்?" என்று கேட்டார். அவ்வளவுதான், பிலோமினா வெடித்துச் சிரித்தாள். மாமு குலுங்கினார். லாரியும் குலுங்கியது.

"சிரிக்காதீங்க! அளவு ஆடுது!" என்று அடியிலிருந்து பாய் கத்தினார்.

இப்படிச் சொன்னால் யாருக்குச் சிரிப்பு நிற்கும்? எனக்கு வயிறு வலித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒருவழியாகச் சிரித்து ஓய்ந்து, மூச்சை அடக்கி நின்று, அளவு எடுத்து முடித்தோம். அளவை பாய் தன் உள்ளங்கையிலும் என் உள்ளங்கையிலும் எழுதினார். யாரையும் நம்புகிற நிலையில் அவர் இல்லை.

சாயங்காலம் ஷாஃப்ட் வந்தது. மாட்டினார்கள். எட்டியது!

திங்கட்கிழமை விடிந்ததும் கௌசி பக்கத்தில் நானும் ஏறி உட்கார்ந்துகொண்டேன். ஷாஃப்ட் சரியில்லையென்றால் வேகம் எடுக்கும்போது வண்டி உதறும் என்று பாய் சொல்லி அனுப்பியிருந்தார். வேகம் ஏற ஏற நான் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். உதறுகிறதா? இல்லை. இப்போது? இல்லை! பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் கௌசி ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள்... நானும் போட்டேன். பக்கத்தில் போன பஸ் டிரைவர் பயந்து ஒதுங்கிவிட்டார்.

கேட் திறப்பதற்கு முன்பே போய் நின்றுவிட்டோம். சூப்பர்வைசர் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். டயரைத் தட்டினார். முகத்தில் திருப்தி இல்லை. "வண்டி பழசா இருக்கேம்மா... லோடு தாங்குமா?"

"நேத்து ஒரு கல்யாணத்தையே ஏத்திப் பாத்துட்டோம் சார். நீங்க கேட்டத் தொறங்க!"