நாற்காலியில் சாய்ந்திருந்த மடக்குக்கோல்

உள்ளறையிலிருந்து ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம் வந்தது. வந்திருந்த பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

அது அவளுடைய காமிரா. எடுத்து வரப் போன கணவர் அதை ஏன் அழுத்துகிறார்?

ஆஸ்பத்திரியில் அவளை ‘டெலிபோன் அக்கா’ என்பார்கள். கல்யாணமான சில வருஷத்தில் பார்வை போன பிறகும் டெலிபோன் ஸ்விட்ச்போர்டு வேலையை அவள் விடவில்லை. படம் எடுக்கும் ஆசை அப்புறம் வந்தது. எதிரில் இருப்பதைத் தொட்டுத் தடவிப் பார்ப்பாள், ஓர் எட்டு பின்னால் வைப்பாள், அழுத்துவாள். வழி தடவிப் போகும் மடக்குக்கோல் மட்டும் இடது கக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கை நடுங்கும்.

கொஞ்ச நாளாகவே மனதில் ஒரு முள். அவள் ஆணியில் மாட்டிய காமிரா வேறு பக்கம் திரும்பித் தொங்கும். கேட்டால், தையல்காரரான கணவர், தூசி தட்டினேன் என்பார். சொந்தத் தையல் மெஷினைக்கூட அவர் ஒருநாளும் தூசி தட்டியதில்லை.

இன்று கண்காட்சியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். பார்வையில்லாதவர்கள் எடுத்த படங்களுக்கான கண்காட்சி. கணவர் கொண்டுபோய்க் கொடுத்ததில் ஒன்று தேர்வாகிவிட்டதாம். பக்கத்தில் மாட்ட இன்னொன்றும் வேண்டுமாம்; அதற்குத்தான் கணவர் காமிராவை எடுக்கப் போயிருந்தார். முதல்முறையாக அவள் பெயர் ஒரு சுவரில் ஏறப் போகிறது.

"அந்தப் படத்துல என்னம்மா இருக்கு?"

"தையல் மெஷின்க்கா. ஜன்னல் வெளிச்சம் அது மேல விழுது. பக்கத்து நாற்காலியில உங்க மடக்குக்கோல் சாஞ்சு கிடக்கு. எல்லாருக்கும் அதுதான் பிடிச்சது."

 படம் எடுக்கும்போது கக்கத்தில் இருக்க வேண்டிய கோல் நாற்காலிக்கு எப்படிப் போனது?

கணவரின் காலடி அறை வாசலில் வந்து நின்றது.

"என்னங்க, அது நீங்க எடுத்ததுதானே?"

 அவர் மெல்ல, "நீ விளக்குப் போட மறந்துடறே. எடுத்ததெல்லாம் ஒரே கறுப்பு. அதைக் குடுத்தா உன்னைப் பார்த்துச் சிரிப்பாங்களேன்னு..." என்றார்.

"சிரிச்சா என்னைப் பார்த்துத்தானே சிரிப்பாங்க? அதையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்களே."

கண்ணீரைத் துடைக்காமலே அவரிடமிருந்து காமிராவை வாங்கி, வந்திருந்த பெண்ணிடம் நீட்டினாள், அந்தக் கறுப்புப் படங்களைப் பார்க்கச் சொல்லி. அந்தப் பெண் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, ஒன்று நன்றாக இருக்கிறது என்றாள். குரலில் தேன் ஒழுகியது. அந்தத் தேனை டெலிபோனில் நிறையக் கேட்டவள் டெலிபோன் அக்கா.

"என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றியா?"

"இல்லக்கா. முகம் தெரியல. சட்டைப் பொத்தான் மட்டும் வரிசையா மினுங்குது. நடுவுல ஒண்ணைக் காணோம்."

ஊர்ச் சட்டைக்கெல்லாம் பொத்தான் வைக்கும் மனிதரின் சட்டையில் அந்த இடைவெளியை அவள் விரல் தடவியிருந்தது. அதை எடுத்தபோது அவர் அசையாமல் உட்கார்ந்திருந்ததும் நினைவிருந்தது.

"அது நான் எடுத்தது. முடிஞ்சா அதை மாட்டுங்க. மத்தது வேண்டாம்."

ஒத்துக்கொள்வார்களா தெரியவில்லை, கேட்டுப் பார்க்கிறேன் என்று அந்தப் பெண் எழுந்தாள். கணவர் வாசல்வரை போனார். இரண்டு பேரும் தணிந்த குரலில் ஏதோ பேசினார்கள். அவள் காமிராவின் வாரை மணிக்கட்டில் இறுகச் சுற்றிக்கொண்டு காதைத் தீட்டினாள்.

எந்தப் படம் என்பது காதில் விழுமுன்னே கதவு சாத்தப்பட்டது.